திங்கட்கிழமை எடுங்கோ

புஸ்பவதிக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. மூன்று தரம் பழகப் போய், மூன்று தரமும் முழங்காலை உடைத்துக்கொண்டு, இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று விட்டவள். ஆனால் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் எந்த ரோட்டு எந்த மலையில் எத்தனை வளைவெடுத்து ஏறுகிறது, எந்தப் பக்கத்தால் ஏறினால் தொடை கடுக்கும், எந்தப் பக்கத்தால் இறங்கினால் பிரேக் சூடாகும் என்று அவளிடம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஜெர்மனியின் எசன் நகரம் முழுக்கத் தேடினாலும் அவளைப்போலச் சொல்ல ஒரு ஆள் அகப்பட்டிருக்காது. இத்தனைக்கும் அந்த நாட்டுப் பக்கம் அவள் தலைவைத்தும் படுத்ததில்லை. எல்லாம் குசினி மேசையில் படித்த படிப்பு.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு தை மாதம் தொடங்கி ஆடி மாதம் வரைக்கும் அந்த மேசையில் ஒரு வரைபடம் விரிந்தே கிடந்தது. சாப்பிடுவதென்றால் ஒரு மூலையை மடக்கிவிட்டுத்தான் சோற்றுக் கோப்பையை வைக்க வேண்டும். "அதிலை குழம்பு சிந்திச்சுதோ, பேந்து நான் பொல்லாதவன்" என்று புருசன் புவனேந்திரன் மிரட்டுவார். பொல்லாதவராம்! கலியாணம் கட்டி இருபது வருசத்தில் அந்த மனுசன் அவளைப் பார்த்து ஒரு தரம் குரல் உயர்த்தியதில்லை.

புவனேந்திரனுக்கு பாண் சுடும் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை. விடிய நாலு மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. கார் ஓடும் லைசென்ஸ் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டவர், மூன்றாம் தரம் போக வெட்கப்பட்டு, சூப்பர்மார்க்கெட்டில் மலிவு விற்பனையில் போட்ட ஒரு சைக்கிளை வாங்கினார். பனியோ மழையோ, எட்டு வருசம் அதிலேதான் வேலைக்குப் போய்வந்தார். எசனின் தெற்குப் பக்கம் சும்மா லேசான இடமில்லை. ரூர் ஆற்றைத் தாண்டினால் மேடும் பள்ளமும்தான். அந்த மேட்டிலும் பள்ளத்திலும் கால் இரும்பானது அவருக்கே தெரியாது.

தெரியவைத்தவர் ஹோர்ஸ்ட். சுரங்கத்தில் மின்சார வேலை செய்து பென்சன் எடுத்த வெள்ளைக்காரர். ஒற்றை விரலால் தூக்கக்கூடிய சைக்கிளும், பளபளவென்ற உடுப்புமாக ஒரு சனிக்கிழமை அவர் லாங்கன்பெர்க் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கைபிடியில் வெங்காயப் பை தொங்க, ஒரு கறுத்த மனுசன் 'குட்டன் டாக்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவரைக் கடந்து போனார். ஹோர்ஸ்டுக்குப் பொறுக்கவில்லை. விடாமல் துரத்தி, உச்சியில் இருந்த சிக்னல் விளக்கில்தான் பிடித்தார். அன்றைக்கே தங்கள் சைக்கிள் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். வெங்காயத்தில் பாதி அவர் வீட்டுக்குப் போனது என்பது கிளைக்கதை.

எங்கள் சனம் சும்மா இருக்குமா? ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்குப் போனால், "புவனேந்திரண்ணை, அந்த இறுக்கக் காச்சட்டையோடை மூச்சு விட ஏலுதோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் தானும் சேர்ந்து சிரித்தார். புஸ்பவதிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கடை வயித்தைப் பாத்திட்டு அவரின்ரை காச்சட்டையைப் பாருங்கோ" என்று கொடுத்த கொடுப்பில் அடுத்த வருசம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சங்கத்துக்காரர் வருசத்துக்கு ஒருமுறை வெளிநாட்டு மலைகளுக்குப் போவார்கள். அகதிப் பயணப் புத்தகத்தோடு எல்லைகளில் நின்று விளக்கம் சொல்லிக் களைத்த புவனேந்திரன் ஒருமுறையும் போனதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் கையில் கிடைத்த பிறகுதான் ஹோர்ஸ்டிடம் தலையாட்டினார். அதற்கும் புஸ்பவதி பின்னால் நின்று தள்ள வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வருசத்தில் அந்த மனுசன் லீவு எடுத்தது கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான். தனக்கென்று ஒரு கிழமை, ஒரேயொரு கிழமை, அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று அவள் அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள் என்றால் நம்புங்கள்.

வரைபடத்தை ஹோர்ஸ்ட்தான் கொண்டுவந்தார். கோடுகள் நெருங்கினால் ஏற்றம், விலகினால் சமம் என்று அவர் புருசனுக்குச் சொல்லிக்கொடுத்ததை, தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த புஸ்பவதி முதலில் பிடித்துக்கொண்டாள். கென்மேர் என்ற சின்ன ஊரில் தங்குவது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம் போய் வருவது. மோல்ஸ் கணவாய், டன்லோ கணவாய், பல்லக்பீமா கணவாய். கடைசிப் பேரை அவள் பல்லக்கு, பீமன் என்று பிரித்து ஞாபகம் வைத்தாள். எல்லாவற்றிலும் பெரியது ஹீலி கணவாய்ச் சுற்று. எண்பது கிலோமீட்டருக்கு மேலே, நடுவில் மலைமுதுகு. சங்கத்துக்காரர் அதை வடக்கிலிருந்து சுற்றுவதாக எழுதியிருந்தார்கள்.

"அது பிழை" என்றாள் புஸ்பவதி.

ஹோர்ஸ்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அங்கை காத்து தென்மேற்கிலை இருந்து வரும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? தெற்காலை போய், கடற்கரையாலை சுத்தி, அந்தப் பக்கத்தாலை மலையை ஏறுங்கோ. களைச்சு விழுந்து திரும்பி வரேக்கை காத்து முதுகிலை இருக்கோணும். முகத்திலை இருந்தால் அழுது அழுதுதான் வருவியள்." இதைப் புவனேந்திரன் ஜெர்மன் மொழியில் சொல்லச் சொல்ல, ஹோர்ஸ்ட் விரலால் கோட்டைத் தொட்டுப் பார்த்து, கடைசியில் எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தார். அன்றிலிருந்து சங்கத்தில் அவளுக்குப் பெயர் 'பாதைத் தலைவி'.

இதெல்லாம் சந்தோசமான பக்கம். மற்றப் பக்கமும் இருந்தது. புவனேந்திரனுக்கு இலங்கையில், வன்னியில் ஒரு தம்பி. பெயர் யோகேந்திரன், வீட்டுக்கு யோகன். ஆறு வயது இளையவன். மனைவி பாலா, இரண்டு பிள்ளைகள். தகப்பன் போன பிறகு அண்ணைதான் அவனுக்கு எல்லாம். கிணறு வெட்டுவதென்றாலும் அண்ணையைக் கேட்டுத்தான். பிள்ளைக்குப் பேர் வைப்பதென்றாலும் அண்ணையைக் கேட்டுத்தான். யுத்தம் திரும்பத் தொடங்கி, தொலைபேசி அறுந்து, பதினொரு மாதமாக அவன் குரல் வரவில்லை. முந்தின ஐப்பசியில் அவன் ஊர்ப் பக்கம் குண்டு விழுந்ததாகச் செய்தி வந்த அன்று, புவனேந்திரன் அதே யோசனையில் வேலையால் வந்தார். லாங்கன்பெர்க் இறக்கத்தில் வளைவு வந்ததும் தெரியவில்லை, பிரேக் பிடிக்கவும் இல்லை. காறை எலும்பு இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரியில் புஸ்பவதி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பயம் பிறகு அவளை விட்டுப் போகவேயில்லை.

ஆடி மாதம் நடுவில் ஒரு சனிக்கிழமை அவர் புறப்பட்டார். கைத்தொலைபேசி இலக்கத்தை, அயர்லாந்திலிருந்து எப்படி எடுப்பது, இங்கிருந்து எப்படி எடுப்பது என்ற விளக்கத்தோடு பெரிய எழுத்தில் எழுதி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் பென்சிலால் வரைபடத்தில் கோடு இழுத்தாள். திங்கள் மோல்ஸ் கணவாயும் டன்லோவும். செவ்வாய் பல்லக்பீமா. "எண்ணிப் பாத்தனான், எதிரிலை ஏழு காரும் நானூறு செம்மறியும். ஒரு செம்மறி ரோட்டை விட்டு எழும்பவே மாட்டன் எண்டிட்டுது, நாங்கள்தான் மன்னிப்புக் கேட்டுச் சுத்திப் போனது" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு துள்ளலை அவள் கலியாணம் கட்டின காலத்தில்கூடக் கேட்டதில்லை. புதன் மழை, ஓய்வு. வியாழன் ஹீலி.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. புஸ்பவதி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கையோடு எடுத்தாள்.

"அண்ணி, நான் யோகன். அண்ணை நிக்கிறாரோ?"

"ஐயோ யோகன்! எங்கையப்பு இருக்கிறியள்? சுகமா? பாலா, பிள்ளையள்?"

"எல்லாரும் இருக்கிறம் அண்ணி. அண்ணையைக் கெதியாக் குடுங்கோ. மூண்டு நிமிசம்தான் தருவினம். பின்னாலை சனம் வரிசையிலை நிக்குது."

"அவர் இல்லை யோகன். அயர்லாந்துக்குப் போட்டார்."

"அயர்லாந்துக்கோ? ஏன்?"

சைக்கிள் ஓட என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிறவனிடம், உன் அண்ணன் வெள்ளைக்காரரோடு சேர்ந்து மலை பார்க்கப் போயிருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? வெட்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. "வேலை விசயமா" என்றாள்.

"எப்ப வருவார்?"

"ஞாயிற்றுக்கிழமை."

அந்தப் பக்கம் இரைச்சல். யாரோ இருமினார்கள். பிறகு யோகன் குரலைத் தணித்தான். "அண்ணி, இஞ்சை இனி இருக்க ஏலாது போலக் கிடக்கு. மூத்தவனுக்குப் பதினாறு முடிஞ்சுது, பிடிச்சுக்கொண்டு போற வயது. கடற்கரைப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார். இந்தக் கிழமைக்குள்ளை எண்டால் அக்கரைக்கு, இந்தியாவுக்கு விடலாம் எண்டு சொல்லுறார். பாலா போவம் எண்டுறாள். நான் அண்ணையைக் கேக்காமல் என்னெண்டு அண்ணி வெளிக்கிடுறது?"

குளிர்பெட்டிக் கதவு அவள் மூக்குக்கு முன்னால். பெரிய எழுத்து. பேனை எடுக்கச் சொல்லி அந்த இலக்கத்தை வாசித்திருந்தால் முப்பது செக்கன் போதும். அந்த முப்பது செக்கனில் புஸ்பவதி என்னவெல்லாம் நினைத்தாள்! அங்கே எடுத்தால், ஹோட்டலில் ஹோர்ஸ்டும் கூட்டமும் சிரிக்கிற சத்தம் இவனுக்குக் கேட்கும். தம்பியின் குரல் கேட்டதும் அந்த மனுசன் இடிந்துபோவார். நாளைக்கு ஹீலி, அந்த மனத்தோடு அந்த இறக்கத்தில் இறங்கினால் இந்தமுறை காறை எலும்போடு போகாது. யோகன் இப்படிச் சொல்வது இது முதல்தரமும் இல்லை. மன்னாரால் போகிறேன், வவுனியாவால் போகிறேன் என்று மூன்று தரம் சொல்லி மூன்று தரமும் போகாமல் இருந்தவன்தானே. ஐந்து நாளில் என்ன குடிமுழுகிவிடும்?

"திங்கட்கிழமை எடுங்கோ யோகன். இதே நேரம். அண்ணை வீட்டிலை இருப்பார். அதுமட்டும் அவசரப்பட்டு ஒண்டும் செய்யாதேங்கோ. பொறுங்கோ."

"திங்களோ..." என்று இழுத்தான். பிறகு, "சரி அண்ணி. நீங்கள் சொன்னால் சரி" என்றான்.

லைன் அறுந்தது. திருப்பி எடுக்க இலக்கம் இல்லை.

மகள் சிவப்பிரியா அறை வாசலில் நின்றாள். பதினேழு வயது, பள்ளிக்கூட விடுமுறை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அம்மா, கதவிலை ஒட்டின அப்பான்ரை ஹேண்டி நம்பரை ஏன் குடுக்கேல்லை?"

"உனக்குத் தெரியாது. நீ போ."

"பின்னேரம் அப்பா எடுக்கேக்கை சொல்லுங்கோ. ஒருத்தரும் திருப்பி எடுக்க ஏலாதெண்டாலும் அப்பாக்குத் தெரியோணும். அது அவரின்ரை தம்பி. நீங்கள் முடிவெடுக்க ஏலாது."

"நான் ஒரு முடிவும் எடுக்கேல்லை. திங்கள் அவர் இருப்பார், அவர் சொல்லுவார். நாளைக்கு மலை ஏறுற மனுசனிட்டை இதைச் சொல்லி, அவர் பள்ளத்துக்குள்ளை விழுந்து கிடந்தால் நீ போய் எடுப்பியோ?"

சிவப்பிரியா அறைக்குள் திரும்பினாள். "எண்டாலும் இது சரியில்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆறு மணிக்கு அவர் எடுத்தார். மழையில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார்களாம், சூப் குடித்தார்களாம், நாளைக்கு வெயில் என்று வானிலையில் சொன்னார்களாம். "வீட்டிலை ஏதும் புதினமோ?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. வடிவாச் சாப்பிடுங்கோ" என்றாள்.

வியாழக்கிழமை அவர் ஆறு மணி வரைக்கும் பொறுக்கவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கே எடுத்தார். ஹீலி கணவாயின் உச்சியில் இருந்து! மூச்சு இன்னும் அடங்கவில்லை. "புஸ்பா, நீ சொன்ன பக்கத்தாலைதான் ஏறினது. ஹோர்ஸ்ட் மேலை வந்ததும் சைக்கிளைப் போட்டிட்டு உன்ரை பேரைச் சொல்லிக் கும்பிட்டவர். உண்மையா. கீழை ரோட்டு சுத்திச் சுத்திப் போய் ஒரு குளத்திலை முடியுது. ஒரு சத்தம் இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கோணும்." பிறகு சொன்னார்: "இதிலை இருக்க யோகன்தான் நினைவு வருது. அவன் இப்ப எங்கை நிக்கிறானோ தெரியேல்லை."

 சொல்லிவிடுவோமா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவருக்கு முன்னால் இறக்கம் கிடந்தது. அவளுக்கு அந்த இறக்கத்தின் ஒவ்வொரு வளைவும் தெரியும். "கவனமா இறங்குங்கோ. கீழை போனாப்பிறகு எடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். கீழே போய் எடுத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் மூன்று நாள்தானே, வந்து இறங்கட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று விட்டாள்.

ஞாயிறு வந்தார். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. பையில் செம்மறி ரோமத்தில் செய்த கம்பளிச் சட்டை ஒன்று, அவளுக்கு. அவர் சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யோகன் எடுத்தவர்" என்றாள்.

கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பப் போனவர் திரும்பவும் இருந்தார். "எப்ப?"

புதன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். புதன் என்றால், புதன் பின்னேரம் 'ஒண்டுமில்லை' என்று சொன்னது என்ன? வியாழன் உச்சியில் இருந்து அவர் தம்பியைப் பற்றிச் சொன்னபோது பேசாமல் இருந்தது என்ன? "நேற்று" என்றாள். "சுகமா இருக்கினமாம். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு எடுப்பார்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"மூண்டு நிமிசம்தானே குடுத்தவை."

சிவப்பிரியா மேசையில் இருந்து எழும்பிப் போனாள். பாதிச் சோறு கோப்பையில் கிடந்தது.

திங்கட்கிழமை புவனேந்திரன் சுகமில்லை என்று வேலைக்குச் சொல்லிவிட்டு, பத்து மணிக்கே தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. புஸ்பவதி குசினிக்குள் நின்று சட்டியைக் கழுவினாள், கழுவினதையே திரும்பவும் கழுவினாள். பின்னேரமாகியும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அந்தக் கிழமையே வன்னிக்கான லைன் எல்லாம் இல்லாமல் போய்விட்டது என்று பிறகுதான் கேள்விப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை என்னென்று சொல்வது! புவனேந்திரன் சைக்கிளை வேலைக்குப் போகமட்டும் எடுத்தார். சனிக்கிழமைகளில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி டுசல்டோர்ஃப் ஊர்வலம், பெர்லின் ஊர்வலம். பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்: "இந்தமுறை அவன் எடுத்தால், எந்த வழியாலையெண்டாலும் வெளிக்கிடடா எண்டு சொல்லப்போறன். கடலாலையோ காடாலையோ, கேட்டுக்கொண்டு நிக்காதை, வெளிக்கிடு எண்டு." கோயிலில் சொன்னார். பாண் தொழிற்சாலையில், ஒன்றும் விளங்காத துருக்கிக்காரனிடம்கூடச் சொன்னார். வீட்டில் சொன்னபோதெல்லாம் புஸ்பவதி எழும்பிக் குசினிக்குள் போனாள். இரண்டு தரம் சொல்லத் துணிந்தாள். ஒருதரம் அவருக்குக் காய்ச்சல். மற்றத் தரம் தொலைக்காட்சியில் செய்தி. சிவப்பிரியா மட்டும் இடையிடையே தாயின் முகத்தைப் பார்த்து, "சொல்லியாச்சோ?" என்பாள். இல்லை என்பதை அவள் தலையைக் குனிவதிலேயே தெரிந்துகொண்டு போய்விடுவாள்.

அடுத்த வருசம் வைகாசியில் யுத்தம் முடிந்தது. ஆனி மாதம் ஒரு ஞாயிறு காலை, பத்து மணிபோல, தொலைபேசி அடித்தது. புவனேந்திரன் எடுத்தார். எடுத்த கையோடு எல்லாருக்கும் கேட்கிற பொத்தானை அமத்தினார்.

யோகனின் மனைவி பாலாம்பிகை. வவுனியாவில் முகாமில் இருந்து, யாரோ ஒளித்துக் கொடுத்த தொலைபேசியில்.

"அண்ணை, நானும் சின்னவளும்தான் வந்து சேர்ந்தம்" என்றாள். அழவில்லை. அழுது முடிந்த குரல். "அவரும் மூத்தவனும் ஒரே நாள். சித்திரையிலை. தண்ணிக்கு நிண்ட இடத்திலை."

புவனேந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டார். புஸ்பவதி வாயில் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள்.  பிறகு புவனேந்திரன் கேட்டார்: "ஏன் பிள்ளை முந்தியே வெளிக்கிடேல்லை? வழி இருக்கேக்கை வெளிக்கிட்டிருக்கலாமே. நான் அவனோடை ஒருக்காக் கதைச்சிருந்தால்..."

"வெளிக்கிடத்தான் அண்ணை இருந்தனாங்கள். போன ஆடியிலை எல்லாம் கட்டி வைச்சது. வெள்ளிக்கிழமை படகு. உங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாறன் எண்டு, இவர் புதன்கிழமை போய் எடுத்தவர். புஸ்பா அக்காதான் கதைச்சவ. திங்கள் மட்டும் பொறுக்கச் சொன்னவ. எங்களோடை நிண்ட ரெண்டு குடும்பம் வெள்ளிக்கிழமை போட்டுதுகள். இப்ப அக்கரையிலை மண்டபம் முகாமிலை இருக்குதுகள். நான் சண்டை பிடிச்சனான் அண்ணை, நாங்களும் போவம் எண்டு. 'அண்ணி பொறுக்கச் சொன்னால் அது அண்ணை சொன்ன மாதிரித்தான்' எண்டிட்டார். திங்கள் அங்கை லைன் இல்லை. பேந்து கரைக்குப் போற பாதையும் இல்லை." அவள் மூச்சு விட்டாள். "உங்கடை சொல்லை அவர் கடைசிமட்டும் மீறேல்லை அண்ணை. அதை உங்களுக்குச் சொல்லோணும் எண்டுதான் எடுத்தனான்."

குற்றம் சொல்லவில்லை அவள். பெருமையாகச் சொன்னாள். புருசன் நல்ல தம்பியாக இருந்து செத்தான் என்று அவனுடைய அண்ணனிடம் சாட்சி சொன்னாள். புஸ்பவதி தரையிலேயே இருந்துவிட்டாள்.

புவனேந்திரன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். புதன்கிழமை என்ற சொல் அவருக்குள் இறங்குவதை, அங்கிருந்து வியாழனுக்குப் போவதை, ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு வருவதை அவள் அந்த முகத்தில் கண்டாள். இப்போது கேட்பார், கேட்கட்டும், கத்தட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவர் தொலைபேசிக்குக் குனிந்தார்.

"ஓம் பிள்ளை" என்றார். "நான்தான் அக்காவை அப்பிடிச் சொல்லச் சொன்னனான். கடல் பயம் எண்டு நினைச்சிட்டன். பிழை என்ரைதான்."

 பிறகு பாலாம்பிகை, "நீங்கள் நல்லதுக்குத்தானே அண்ணை சொல்லியிருப்பியள்" என்றாள். யாரோ அவளை அவசரப்படுத்தினார்கள். சின்னவளுக்குச் செருப்பில்லை, முடிந்தால் அனுப்புங்கோ என்றாள். லைன் போய்விட்டது.

புஸ்பவதி தரையில் இருந்தபடியே அவர் காலைப் பிடித்தாள். "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்? நான்தான். நான்தான் அவனைப் பொறுக்கச் சொன்னனான். அவளிட்டைச் சொல்லியிருக்கோணும், பாவி நான்தான் எண்டு சொல்லியிருக்கோணும்."

"அவளுக்கு இனி நீதான் எடுத்துக் கதைக்கோணும்" என்றார். "எங்களை விட்டால் அவளுக்கு ஆர் இருக்கினம்? நான் சொன்னதெண்டே இருக்கட்டும்." குரல் உயரவில்லை. அவளை எழுப்பவும் இல்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில்தான் கேட்டார்.

"எனக்கேன் சொல்லேல்லை, புஸ்பா?"

எத்தனை காரணம் இருந்தது அவளிடம்! இறக்கம், வளைவு, காறை எலும்பு, வெட்கம், திங்கட்கிழமை. பதினொரு மாதமாக இரவு பகலாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பாடமாக்கி வைத்திருந்தாள். 

"நீங்கள் சந்தோசமா இருந்தனீங்கள்" என்றாள்.

புவனேந்திரன் தலையை ஆட்டினார்.

"ஓம்" என்றார். "சந்தோசமாத்தான் இருந்தனான்."

அதைச் சொன்ன பிறகுதான் அவர் தம்பிக்காக வாய்விட்டு அழத் தொடங்கினார்.